எட்டுக்கால் பூச்சிக்கு எத்தனை கால்?

பெங்களூர்த் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கொஞ்சம் கூப்பிட்டு ரேடியோ பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர்களுக்கு முதல் கேள்வி: எட்டுக்கால் பூச்சிக்கு எத்தனை கால்?

சிரித்திருப்பார்கள். விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதற்காகத்தான் இதை முதலில் வைப்பது. அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிற குழந்தைகூட இதற்கு வாயைத் திறந்துவிடும். திறந்த வாய் மூடுவதற்குள் இரண்டாவது கேள்வி: சரி, எட்டுக்கால் பூச்சி பூச்சியா?

இங்கே சத்தம் அடங்கும். பூச்சி என்றால் ஆறு கால், உடம்பு மூன்று பகுதி. சமையலறை மேடையில் போகிற ஒரு கட்டெறும்பைப் பார்த்தாலே போதும்: தலை, நடு, வயிறு என்று மூன்று துண்டாகத் தெரியும். சிலந்திக்குக் கால் எட்டு, உடம்பு இரண்டே பகுதி. ஆகவே பேரில்தான் பூச்சி. பூச்சிக் கூட்டத்தில் அதற்கு இடம் இல்லை. பரண் மூலையில் ஒரு சிலந்தி கட்டாயம் இருக்கும், போய் எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.

அப்படிப் போய்ப் பார்க்க முடிகிற கேள்விதான் இந்த வயதுக்கு ஏற்ற கேள்வி. கைடு புத்தகத்தில் இருக்கும் "மங்கோலியாவின் தலைநகரம் எது?" என்பதை ஏழு வயதுக் குழந்தை மனப்பாடம் பண்ணிச் சொல்லும், மறுநாள் மறந்தும் போகும். சொன்னது சரியா தப்பா என்று அதற்கே தெரியாது, கேட்டவர் முகத்தைத்தான் பார்க்கும். தேங்காய்க்கு எத்தனை கண் என்று கேளுங்கள், குழந்தை சமையலறைக்கு ஓடும். மட்டை உரித்த தேங்காயில் குடுமிக்கு அடியில் மூன்று கண் இருக்கும். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒன்று மட்டும் மெத்தென்று உள்ளே போகும். முளை வெளியே வருவது அந்தக் கண் வழியாகத்தான்.

இந்த மாதிரிக் கேள்விகளை வைத்து நடத்த வசதியானது விரல் சுற்று. விடை எல்லாமே பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இருக்க வேண்டும். கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து எண்ணிக்கை முக்கியம். பெரியவர்களுக்குப் பொறுமை இருக்காது, இரண்டிலேயே விடையைச் சொல்லிவிடுவார்கள். பிறகு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் எல்லாரும் ஒரே சமயத்தில் விரலைத் தூக்க வேண்டும். பூஜ்யம் என்றால் மூடின கை. எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து ஆடலாம். முந்திக் கை தூக்குகிற ஒரே பையன் பத்துக் கேள்வியையும் சாப்பிட்டுவிடுகிற தொல்லையும் இல்லை. எண்ணுகிறபோது யாராவது பக்கத்து விரலைப் பார்த்து மாற்றினால் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் அடுத்த கேள்விக்குக் கண்ணை மூடச் சொல்லிவிடுங்கள்.

கேள்விகள்? பாம்புக்கு எத்தனை கால், இது மூடின கைக்காக. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்: மூன்று. கை எட்டு என்பதை நினைத்துக்கொண்டு எட்டு காட்டுவார்கள். நாணயத்தில் எத்தனை சிங்கம் தெரிகிறது: மூன்று. உண்மையில் எத்தனை சிங்கம்: நான்கு. சாரநாத் தூணில் நான்கும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பின்னால் இருப்பது நமக்குத் தெரிவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கேட்க வேண்டும். "நாணயத்தில் எத்தனை சிங்கம்?" என்று மொட்டையாகக் கேட்டால் மூன்றும் சரி, நான்கும் சரி, கடைசியில் அழுகைதான் மிஞ்சும்.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கின சந்திரயான் 3, உள்ளே ஒரு குட்டி வண்டியைக் கொண்டுபோனது. பிரக்யான் என்று பேர். அதற்கு எத்தனை சக்கரம்? ஆறு. அதை நம்ம ஊர் பீன்யாவில் உட்கார்ந்துதான் ஓட்டினார்கள் என்றால் பீன்யா பக்கத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கூடவே இன்னொன்று: பி.எம்.டி.சி. பெரிய பஸ்ஸுக்குத் தரையைத் தொடுகிற டயர் எத்தனை? பெரியவர்களே நான்கு என்பார்கள். முன்னால் பக்கத்துக்கு ஒன்று, பின்னால் பக்கத்துக்கு இரண்டு, ஆக ஆறு. "தரையைத் தொடுகிற" என்ற வார்த்தையை விட்டுவிட்டால், ஸ்டெப்னி இருக்கிறதே என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். அது கேட்பதில் நியாயமும் இருக்கும்.

விரல் பத்தாது, ஆனாலும் விடக்கூடாத கேள்வி ஒன்று: உன் வாயில் இப்போது எத்தனை பல்? பால்பல் மொத்தம் 20. ஆறு வயதை ஒட்டி முன்பல் ஆடத் தொடங்கும். அதே சமயத்தில் எதுவும் விழாமலேயே, பால்பல் வரிசைக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கும். அதனால் ஒரு குழந்தை 18 என்னும், ஒன்று 22 என்னும், ஒன்று 24 என்னும். எல்லாமே சரி. நாக்கால் தடவி எண்ணினால் தப்பும், கண்ணாடி முன்னால் நிறுத்தி, மேல் வரிசை தனி, கீழ் வரிசை தனி என்று எண்ணச் சொல்லுங்கள். ஆடுகிற பல்லைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். சேர்க்கலாம்.

எட்டுக்கால் பூச்சி மாதிரிப் பேரை வைத்து ஏமாற்றுகிறவை தமிழில் ஏராளம். நீர்யானை யானை இல்லை. முள்ளம்பன்றி பன்றி இல்லை, அது எலி, அணில் வகையறா. நெருப்புக்கோழியிடம் நெருப்பும் கிடையாது, அது கோழியும் கிடையாது. வால் நட்சத்திரம் நட்சத்திரம் இல்லை. விடிவெள்ளி நட்சத்திரம் போலத்தான் இருக்கும், ஆனால் அது வெள்ளிக் கிரகம். நட்சத்திர மீன் மீனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கடல் குதிரை குதிரை இல்லை, ஆனால் அது மீன்! எல்லாம் "இல்லை, இல்லை" என்றே போனால் நான்காவது கேள்வியில் பிள்ளைகள் யோசிப்பதை விட்டு "இல்லை" என்று கோரஸ் பாடுவார்கள். நடுவில் ஒரு கரப்பான் பூச்சியைப் போடுங்கள். கரப்பான் பூச்சி பூச்சியா? ஆமாம், ஆறு கால் உள்ள அசல் பூச்சி.

அடுத்த சுற்று நம்ம பெங்களூர்ப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது. வீட்டில் தமிழ், லிஃப்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் புழங்குகிறவர்கள் இவர்கள். பால் கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. இந்த மூன்றையும் மெதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பூ? "ஹூவு" என்று யாராவது கத்துவார்கள். பாம்பு? ஹாவு. பல்? ஹல்லு. பன்றி? ஹந்தி. பாட்டு? ஹாடு. பசு? ஹசு. பேன்? ஹேனு. பேன் வரும்போது கூட்டமே தலையைச் சொறியும். தமிழில் சொல்லுக்கு முதலில் வருகிற "ப" பல சொற்களில் கன்னடத்தில் "ஹ" ஆகிறது. பழைய கன்னடத்திலும் அது "ப"வாகத்தான் இருந்தது, பிற்காலத்தில் மாறியது. பிள்ளைகளிடம் இந்த விதியை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். நாலைந்து சொல் போனதும் அவர்களே பிடித்துவிடுவார்கள், பிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பிடித்த பிறகு ஒரு பொறி வையுங்கள்: பூனை? "ஹூனெ" என்று அடித்துச் சொல்வார்கள். பூனை கன்னடத்தில் பெக்கு. புத்தகம், புஸ்தக. வடமொழியிலிருந்து வந்த சொல் "ப"வை விடவில்லை. பிறகு ஊர்ப் பேருக்கு வாருங்கள். மாரத்தஹள்ளி பஸ் போர்டில் இருக்கும் ஹள்ளி என்ற சொல்லை "ப" ஆக்கினால் என்ன வரும்? பள்ளி. திருச்சிராப்பள்ளியில் இருக்கிற அதே பள்ளி. சுவரில் ஒட்டியிருக்கிற பல்லியும் கன்னடத்தில் ஹல்லிதான், ஆனால் அதற்கு வேறு "ல". ல, ள தகராறு கன்னடத்திலும் உண்டு என்று தெரிந்தால் நம் பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல். விடையில் சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜியைக் கேட்டுவிட்டு வரட்டும்.

விடுகதையும் சேர்க்கலாம், ஆனால் பார்த்துச் சேர்க்க வேண்டும். "அம்மா படுக்கையிலே, மகள் ஓட்டத்திலே" என்றால் அம்மி, குழவி. மிக்ஸி மட்டுமே பார்த்த பிள்ளைக்கு அது எந்தக் காலத்திலும் தோன்றாது, விடை சொன்னாலும் விழிக்கும். "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண் பட்டு உடைந்ததாம் மண்டபம்" என்பது இன்றைக்கும் செல்லும். அபார்ட்மென்ட் பால்கனிக்கு அடியில் தேன்கூடு தொங்குவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வியை எழுதுவதில் பெரியவர்கள் செய்கிற தப்புகள் சில. "இவற்றில் எது பறவை அல்ல?" என்பது ஒன்று. தமிழில் அந்த "அல்ல" கடைசியில் வருகிறது. பறவை என்றதுமே குழந்தை காக்காவைப் பிடித்துக்கொண்டுவிடும், "அல்ல" காதில் விழாது. "காக்கா, வௌவால், கிளி: கூட்டத்தில் சேராதது யார்?" என்று மாற்றுங்கள். "ஆமா, இல்லை" கேள்விக்குக் குழந்தை உங்கள் புருவத்தைப் பார்த்து விடை சொல்லும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கடைசியாகக் காதில் விழுந்ததையே சொல்கிற பிள்ளைகள் உண்டு. அதனால் சரியான விடையை எப்போதும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பெரியது எது என்று கேட்டால் உயரமா, நீளமா, எடையா என்று சொல்லியாக வேண்டும்: உயரம் என்றால் ஒட்டகச்சிவிங்கி, எடை என்றால் நீலத் திமிங்கிலம். கேள்வி பத்து வார்த்தைக்கு மேல் போக வேண்டாம்.

அதைவிடப் பெரிய தலைவலி, விடையே தப்பாக அச்சாகியிருப்பது. வேகமாக ஓடும் விலங்கு சிறுத்தை என்று பல கைடுகளில் இருக்கிறது. சிறுத்தை என்பது பன்னேர்கட்டா பக்கம் ராத்திரியில் நடமாடுகிற விலங்கு. ஓட்டத்தில் முதல் இடம் சிவிங்கிப்புலிக்கு, இங்கிலீஷில் சீட்டா. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு இருந்தால் சிவிங்கிப்புலி, படத்தைக் காட்டிக் கேட்டால் குழந்தையே பிரித்துவிடும். சிவிங்கிப்புலி இந்தியாவில் இல்லை என்றும் பழைய புத்தகம் சொல்லும். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் இறங்கிய பிறகு அந்த விடை செல்லாது. ஒன்பது கிரகம் என்பது 2006 ஆம் ஆண்டோடு எட்டு ஆயிற்று. மாநிலங்கள் விஷயம் வேடிக்கை: 28 ஆக இருந்தது, தெலங்கானா பிரிந்ததும் 2014 இல் 29 ஆயிற்று, ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசம் ஆனதும் 2019 இல் மறுபடி 28. ஆகவே பழைய புத்தகத்தின் எண் சரியாகவே இருக்கும், உள்ளே இருக்கிற பட்டியல் தப்பாக இருக்கும். நம்ம மெட்ரோவுக்கு எத்தனை நிறம் என்ற கேள்வியை வருஷா வருஷம் சரிபாருங்கள். 2025 ஆகஸ்ட் வரை ஊதாவும் பச்சையும்தான், அந்த மாதம் மஞ்சள் வந்து சேர்ந்தது.

பொங்கல் விழாவிலோ பிள்ளையார் சதுர்த்தியிலோ அபார்ட்மென்டில் நடத்துவதானால் 12 கேள்வி, 20 நிமிஷம். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் நாற்காலிக்கு அடியில் இருப்பார்கள். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவிலும் ஒரு ஒன்றாம் வகுப்பு, ஒரு மூன்றாம் வகுப்பு. தப்புக்கு மார்க் குறைக்காதீர்கள். கஷ்டமான கேள்வியை ஏழாவது எட்டாவது இடத்தில் வையுங்கள், கடைசிக் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். பரிசு எல்லாருக்கும் ஒரே பென்சில். நிறம்கூட ஒன்றாக இருப்பது நல்லது. பெற்றோரைப் பின் வரிசையில் உட்காரவையுங்கள், பிள்ளைகளின் கண்ணுக்குப் படாத இடத்தில். உதட்டை அசைத்து விடை சொல்லிக்கொடுப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

இன்றைக்கு ராத்திரிக்கு ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். புது ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், நீல நிறத்தில் இருப்பது. பின்பக்கம் இருக்கும் கல் தேர் நம் கர்நாடகத்தின் ஹம்பியில் இருக்கிறது. அதே பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பதினைந்து வரி, பொடி எழுத்தில், வரிக்கு ஒரு மொழி. அதில் தமிழ் எத்தனையாவது வரி, கன்னடம் எத்தனையாவது வரி? கன்னடம் மேலிருந்து நான்காவது. தமிழை நான் சொல்லப்போவதில்லை. கீழே இருந்து எண்ணினால் சீக்கிரம் கிடைக்கும், விரல் சுற்றுக்குள் அடங்கிவிடும். எண்ணி முடித்ததும் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.