காற்றின் கண்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு சொல்லோடு வந்திருக்கிறேன். சுவீடனில் ஜன்னலுக்கு ‘ஃபொன்ஸ்தெர்’ என்று பெயர். பக்கத்து டென்மார்க்கில் அது ‘விண்டுவெ’, நார்வேயில் ‘விண்டு’. மூன்றும் ஒரு தாய் வயிற்று மொழிகள். வீடு, கை, பால் என்று பலவற்றுக்கும் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே சொல்தான். ஜன்னலுக்கோ சுவீடன் தனிவழி போயிருக்கிறது.

அவர்களின் மூதாதை மொழியான பழைய நோர்ஸில் ‘விந்தவுகா’ என்றொரு சொல் உண்டு. ‘விந்த்’ காற்று, ‘அவுகா’ கண். காற்றின் கண்! வைக்கிங் காலத்து வீடு ஒரு நீண்ட கூடம். நடுவில் கணப்பு எரியும். புகை வெளியேற, கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வர, கூரையில் ஒரு திறப்பு. கண்ணாடியெல்லாம் கிடையாது. புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்த யாரோதான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

அந்தச் சொல் கப்பலேறிப் போனது. இங்கிலாந்தில் இறங்கி ‘விண்டோ’ ஆனது. ஆங்கிலத்துக்கென்று முன்பே ‘கண் துளை’ என்ற பொருளில் ஒரு சொந்தச் சொல் இருந்தது. வந்த சொல் அதை ஓரங்கட்டிவிட்டது. அயர்லாந்தின் ‘ஃபுன்யோக்’கும் இதன் வழிவந்ததுதான்.

சரி, சுவீடனுக்கு என்ன ஆயிற்று? ஹன்சா என்ற வட ஜெர்மன் வணிக நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்கள் வந்தார்கள். லூபெக் போன்ற ஊர்களிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் ஸ்டாக்ஹோமிலும் விஸ்பியிலும் கடை போட்டார்கள், வீடு கட்டினார்கள், நகர மன்றத்திலும் உட்கார்ந்தார்கள். மன்றத்தில் பாதிக்கு மேல் ஜெர்மானியர் இருக்கக் கூடாது என்று 14ஆம் நூற்றாண்டில் சட்டமே போட வேண்டியிருந்தது. 1471இல் அந்தப் பாதியும் போயிற்று. ஆனால் அவர்கள் பேசிய கீழ் ஜெர்மன், அதாவது வட ஜெர்மனியின் மொழி, போகவில்லை. ‘ஃபொன்ஸ்தெர்’ அதன் வழியாக வந்ததே. மூலம் லத்தீனின் ‘ஃபெனெஸ்த்ரா’. கல் வீட்டோடும் கண்ணாடியோடும் சேர்ந்து சொல்லும் குடியேறியது என்பது என் ஊகம்.

நாம் சிரிக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர்’ வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்றும் கண்ணும் அங்கேயும் பக்கத்தில் பக்கத்தில்! அதை விட்டுவிட்டு நாம் போர்த்துக்கீசிய ‘ஜனேலா’வை ஜன்னலாக்கிக்கொண்டோம். அதற்கும் லத்தீன்தான் பாட்டி, கதவைக் குறிக்கும் ‘ஜானுவா’.

தையல்காரர், நகர மண்டபம், பணம் செலுத்துவது, கேள்வி கேட்பது என்று சுவீடிஷ் கீழ் ஜெர்மனிடம் வாங்கியது ஏராளம். அப்புறம் இன்னொன்று: மொழி என்பதற்கே அவர்கள் சொல்லும் ‘ஸ்ப்ரோக்’. அதுவும் அதே கப்பலில் வந்ததுதான்.