தாள் இல்லாதவரிடம் தாள் கேட்கும் நாடு

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, காவிரிக் கரையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"பழங்குடி மக்களுக்கு உரிமை எட்டாமல் போகப் பெரிதும் காரணம் சட்டம் போதாமையா, சான்று கேட்கும் முறையா?" இதுதான் தலைப்பு. சான்று கேட்கும் முறையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தோழர் சட்டம் போதவில்லை என்றார். பழங்குடி மக்களுக்காக 1989ல் வந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை, பழைய 107ஐ 1958ல் ஏற்றதோடு நின்றுவிட்டது என்றார். மறுக்கவில்லை. ஆனால் உடன்படிக்கைதான் முட்டுக்கட்டை என்றால், அடுத்ததற்கு அவர் விடை சொல்ல வேண்டும். 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. 144 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் அதில் ஒன்று. எதிர்த்தவை நான்கே நான்கு: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இந்த நான்கில் கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இரண்டும் போட்டது ஒரே வாக்கு. அவற்றின் நீதிமன்றங்களில் நடந்ததோ வேறு வேறு.

கனடாவில் கிட்சான், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் நிலத்துக்காக வழக்காடினார்கள். அவர்களிடம் பத்திரம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த குடிவரலாறும் பாட்டும்தான் இருந்தன. 1991ல் விசாரணை நீதிமன்றம் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1997ல் உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றுக்கும் எழுத்து ஆவணத்துக்குச் சமமான இடம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் 1992ல் மாபோ வழக்கு 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்ற பழைய பொய்யைத் தகர்த்தது. 1993ல் பூர்வகுடிகளின் நில உரிமைக்குச் சட்டமும் வந்தது. ஆனாலும் 2002ல் யோர்த்தா யோர்த்தா மக்கள் தோற்றார்கள். ஏன்? மரபு இடையறாமல் தொடர்ந்ததற்குச் சான்று போதவில்லை என்றார்கள். குடியேறியவர்கள் வந்து நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், வாழ்க்கையைக் கலைத்தார்கள். அப்புறம் 'ஏன் தொடரவில்லை?' என்று கேட்டார்கள். சட்டம் இருந்தும் தோற்றார்கள், நடுவர் அவர்களே.

இனி நம் வாசலுக்கு வருவோம். டெல்டாவின் வடமுனையில் கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. அங்கே இருளர் பழங்குடியினர் மீன் பிடிப்பதைக் கவனித்துப் பாருங்கள். வலை கிடையாது. ஆழம் குறைந்த தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், கைதான் துழாவலில் இருக்கிறதே. பிடித்தது பறிக்குள் போகும். இந்தத் தொழிலுக்குப் படகுப் பதிவு கிடையாது, உரிமம் கிடையாது, ரசீது கிடையாது. வேலி கட்டாத தொழில் இது, சர்வே கல் நடாத தொழில். முப்பது வருடம் துழாவிய சேற்றில் முப்பது நிமிடம் கழித்துத் தடம் இருக்காது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டுக்குள் இருக்கும் நீர்நிலையில் மீன்பிடிக்கும் சமூக உரிமையை ஒப்புக்கொள்கிறது. சட்டம் இருக்கிறது! ஆனால் வாசலில் முதல் கேள்வி: நீ பட்டியல் பழங்குடியா? ஆம் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்ததைக் காட்டினால் போதும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் அவர் 'பிற மரபுவழிக் காடுவாழ் மக்கள்' கணக்கில் விழுவார். அப்போது மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்ட வேண்டும். அதே மனிதர், அதே சேறு. ஒரு தாள் இருந்தால் 2005, இல்லையென்றால் 1930!

அந்தத் தாள் எப்படிக் கிடைக்கிறது? தமிழ்நாட்டில் 1989 நவம்பர் 11 முதல் பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விண்ணப்பித்தால் கேட்பது அப்பாவின் சான்றிதழ். அப்பாவுக்கு இல்லை. சித்தப்பா, அத்தை? அவர்களுக்கும் இல்லை. முதன்முதலில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் முன்பே பள்ளிக்கூடம் போன உறவினரைக் காட்டு என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? ஆவணம் இல்லாவிட்டால் குலதெய்வம், சடங்கு, சாவு முறை என்று விசாரிப்பார்கள். இரண்டு மூன்று தலைமுறையாக வயல்வேலை செய்து, ஊர் மாரியம்மனையே கும்பிட்டு வரும் குடும்பம் அங்கே தடுமாறும். யோர்த்தா யோர்த்தாவிடம் கேட்ட அதே கேள்விதான் இது.

பெயர்ச் சிக்கல் இன்னும் கொடுமை. இருளரை ஊரில் வில்லியர் என்பார்கள், வேட்டைக்காரர் என்பார்கள். குடும்ப அட்டையிலும் பள்ளிப் பதிவேட்டிலும் யார் எழுதினாரோ அவர் வாயில் வந்த பெயர் ஏறியிருக்கும். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருப்பது 'இருளர்' மட்டும். காரைக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்கு 2016 டிசம்பரில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையில் 'இருளர், வில்லி, வேட்டைக்காரன் உட்பட' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வாஞ்சூர் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் செல்லுபடியாகும் பெயர், இந்தப் பக்கம் நாகூரில் சந்தேகத்துக்குரிய பெயர். இதைத் தீர்க்க உலக உடன்படிக்கை எதுவும் வேண்டாம். பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் இருளரைத் தள்ளாதீர்கள் என்று கோட்டாட்சியர்களுக்கு ஓர் அறிவுரை போதும்.

'சான்றே கேட்காவிட்டால் போலிகள் புகுந்துவிடுவார்களே' என்று எதிரணி கேட்கும். நியாயமான கவலை. ஆனால் போலி யார்? எல்லாத் தாளையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு வருபவன். தாளை மட்டும் நம்பும் முறை அவனை உள்ளே விட்டு, உண்மையான இருளரை வெளியே நிறுத்துகிறது. நான் சான்றே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தச் சான்று, அதை யார் தேட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

வன உரிமை விதிகளில் 13ஆம் விதியைப் படியுங்கள். உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அது சான்று. குடிசை, கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் சான்று. வம்சாவளி சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட வகை வேண்டும், அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டும் என்று, கோரிக்கையை மேலே பரிசீலிக்கும் கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ அடம்பிடிக்கக் கூடாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. தள்ளுபடி செய்தால் நேரில் தெரிவிக்க வேண்டும். இவ்வளவு நல்ல விதி இருந்தும் ஏன் விளையவில்லை? கிராம சபையில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், உரிமை கோரியவர்களில் பாதிப்பேராவது இருக்க வேண்டும். வேலை நாளில் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போனவர் வர மாட்டார். அந்த எண்ணிக்கை குறைந்தால் தீர்மானம் செல்லாது. கூட்டம் கூடினாலும் பெரியவர் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கைரேகை வாங்கி, சாட்சிக் கையெழுத்துடன் கோப்பில் சேர்க்க ஆள் இல்லை. எழுதாத வாய்மொழி மேல்குழுவுக்குப் போகாது. போகாத சான்றை 'சான்று இல்லை' என்று எழுதித் திருப்புகிறார்கள். 60 நாள் முறையீட்டுக் காலம் அப்படியே கரைகிறது.

இப்போது யாரிடம் தாள் இருக்கிறது என்று பாருங்கள். பிச்சாவரத்தில் 1911 முதல் 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டியது வனத்துறை. வெட்டிய இடத்தில் வெயில் நேராக அடித்தது, மண்ணின் ஈரம் போனது, தரை அமுங்கித் தொட்டி போல ஆனது. கடல் ஓதத்தில் ஏறிய தண்ணீர் வடியாமல் தேங்கிக் காய்ந்து உப்பு மிஞ்சியது. அந்த உப்பில் கன்று பிழைக்கவில்லை. பழி மட்டும் மாடு மேய்த்தவர் மீதும் விறகு பொறுக்கியவர் மீதும் விழுந்தது. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் காரணத்தைக் கண்டு சொன்னது. ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், சரிவின் நடுவாட்டில் கன்று என்று நட்டார்கள். ஓதம் ஏறி இறங்க, உப்பு கழுவிப் போனது, காடு திரும்பி வந்தது. அந்த வேலையில் இருளர் கையும் இருந்தது.

அறுபது ஆண்டு வெட்டியதன் பதிவு அரசின் அறையில் இருக்கும்போது, மண்டியிட்டு இறால் துழாவுகிறவரிடம் 1930ஆம் ஆண்டைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

நம் டெல்டாவே இதற்கு வழிகாட்டியிருக்கிறது. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. பத்திரம் காட்டு என்று அவரிடம் கேட்கவில்லை, குடியிருந்தார் என்பதைப் பார்த்தது. அதே அளவுகோலை இருளருக்கும் வையுங்கள். கிராம சபையும் இரண்டு பெரியவரும் 'இவர் எங்களோடு இருப்பவர்' என்று எழுதிக் கொடுத்தால், மறுப்பதற்கான ஆதாரத்தை அரசு தேடட்டும், அதுவும் நாள் குறித்து. வனத்துறையின் பழைய பதிவறையையும் அதற்காகத் திறக்கட்டும். எதிரணி கேட்கும் புதிய சட்டம் வரும்வரை, பிச்சாவரத்தை அடுத்த கிள்ளை ஊர்ப் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது, நடுவர் அவர்களே, அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

நன்றி, வணக்கம்.