ஈஸி-ஈ: முதலாளியாக வந்து பாடகரானவர்

எல்லாருக்கும் வணக்கம். கேங்ஸ்டா ராப், அதாவது தெருச் சண்டையையும் ரவுடி வாழ்க்கையையும் பேசுகிற ராப் பாட்டு என்றதும் டாக்டர் டிரே, ஐஸ் க்யூப், டூபாக் என்றுதான் பலரும் அடுக்குவார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது ஈஸி-ஈ பற்றி. அவர் பணம் போடாமல் இருந்திருந்தால் அந்தப் பட்டியலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

சொந்தப் பெயர் எரிக் ரைட். கலிஃபோர்னியாவின் காம்ப்டன்காரர். 1987இல் ஜெர்ரி ஹெல்லர் என்ற அனுபவசாலி மேனேஜரைச் சேர்த்துக்கொண்டு 'ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸ்' கம்பெனியைத் தொடங்கினார். அதில் போட்டது போதைப்பொருள் விற்றுச் சேர்த்த காசு என்பார்கள். பாடுவது அவர் திட்டத்திலேயே இல்லை.

'பாய்ஸ் இன் த ஹூட்' பாட்டை எழுதியது ஐஸ் க்யூப், இசை டிரே. பாட வந்த நியூயார்க் குழு, இது எங்களுக்குச் சரிப்படாது என்று ஒதுங்கிக்கொண்டது. டிரே ஈஸியைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிட்டார். அவருக்கோ தாளம் பிடிபடவில்லை. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார்கள், மறுபடியும் அதே வரி. அது ஒழுங்காக அமைந்த பிறகுதான் அடுத்தது. அப்படி வரிவரியாக எடுத்த பாட்டை ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்! மெல்லிய, மூக்கடைத்த கீச்சுக் குரல். பயமுறுத்த முயற்சியே செய்யாமல், தெருமுனையில் நின்று நடந்ததைச் சொல்கிற தொனி. எனக்கு அதுதான் அதிகம் பயம் தருகிறது.

அப்புறம் 1988இல், ஈஸி, டிரே, க்யூப் எல்லாரும் இருந்த என்.டபிள்யூ.ஏ குழுவின் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பம். போலீஸ் அடாவடியைத் திட்டிய பாட்டுக்காக, மறு வருஷம் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர் விநியோகக் கம்பெனிக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். ரேடியோ ஆதரவு பெரிதாக இல்லாமலே ஆல்பம் பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. அந்தப் பாட்டுகளில் பெண்களைப் பேசுகிற விதத்தை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன்.

பணத் தகராறில் க்யூப் 1989இலேயே குழுவிலிருந்து விலகினார், பிறகு டிரேயும் போனார். ஆனாலும் ஈஸி ஓயவில்லை. கிளீவ்லாந்திலிருந்து வந்த போன் தக்ஸ்-என்-ஹார்மனி குழுவை வளர்த்துவிட்டார். தனக்கு எய்ட்ஸ் என்று 1995 மார்ச்சில் வெளிப்படையாக அறிவித்தார். எச்.ஐ.வி. பற்றி வாய் திறக்கவே பலர் கூசிய காலம் அது. பத்தே நாளில், 26ஆம் தேதி இறந்துபோனார்.

புதிதாகக் கேட்பவர்கள் 'ஈஸி-டஸ்-இட்' ஆல்பத்தில் தொடங்குங்கள். அது முடிந்ததும் போன் தக்ஸின் 'த கிராஸ்ரோட்ஸ்'. ஈஸியின் நினைவைச் சுமந்த அந்தப் பாட்டு 1996இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது.