40.307-ஐ விரித்தெழுதும்போது பூச்சியத்தை என்ன செய்வது?

வணக்கம். தசம எண்களின் இடமதிப்பைப் பற்றிய காணொளியைப் பார்த்த ஒருவர் இரண்டு சந்தேகங்களை எழுப்பியிருக்கிறார். 40.307 என்ற எண்ணை விரிவான வடிவில் எழுதும்போது இடையில் வரும் பூச்சியங்களையும் எழுத வேண்டுமா என்பது முதல் சந்தேகம். தசமப் புள்ளிக்கு இடப்பக்கத்தில் ஒன்று, பத்து, நூறு என்று இடங்கள் தொடங்கும்போது, வலப்பக்கத்தில் மட்டும் ஏன் பத்தில் ஒன்றிலிருந்து தொடங்குகின்றன, அங்கே ஒன்றுக்கு இடமே இல்லையா என்பது இரண்டாவது சந்தேகம். இரண்டாவதற்கே முதலில் விடை சொல்கிறேன். அது தெளிந்துவிட்டால் மற்றதற்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

முழு எண்களில் ஓர் இடத்திலிருந்து இடப்பக்கமாக அடுத்த இடத்துக்குப் போனால் மதிப்பு பத்து மடங்காகிறது என்பது நமக்குத் தெரியும். அதையே திரும்பிப் பார்த்தால், வலப்பக்கமாக ஓரிடம் நகரும்போதெல்லாம் மதிப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆயிரத்தைப் பத்தால் வகுத்தால் நூறு, நூறை வகுத்தால் பத்து, பத்தை வகுத்தால் ஒன்று. முழு எண்களை மட்டும் படிக்கும் வரை இந்த வரிசை ஒன்றோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்றையும் பத்தால் வகுக்க முடியும் அல்லவா? அப்படி வகுத்தால் கிடைப்பது பத்தில் ஒன்று. மேலும் வகுத்துக்கொண்டே போனால் நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று வரிசை அதே விதிப்படி நீள்கிறது. இந்த வரிசை முழுவதிலும் ஒன்று என்ற இடம் ஒரே ஒருமுறைதான் வருகிறது. அது புள்ளிக்கு முன்னாலேயே வந்துவிட்டதால், புள்ளிக்குப் பின்னால் மறுபடியும் வருவதற்கு வழியில்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பலரும் புள்ளியை நடுவில் வைத்த கண்ணாடியாக எண்ணிக்கொண்டு, ஒருபக்கம் இருப்பது மறுபக்கமும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கண்ணாடியை வைக்க வேண்டிய இடம் புள்ளி அல்ல, ஒன்றாம் இடம். அங்கே வைத்துப் பாருங்கள்: பத்துக்கு எதிரே பத்தில் ஒன்று, நூறுக்கு எதிரே நூறில் ஒன்று என்று எல்லாம் சரியாகப் பொருந்தும். ஒன்றாம் இடம் எது என்று காட்டுவது மட்டுமே புள்ளியின் வேலை. அதற்கென்று தனி இடமோ மதிப்போ கிடையாது.

இப்போது 40.307-க்கு வருவோம். இதில் 4 பத்துகள், 0 ஒன்றுகள், 3 பத்தில் ஒன்றுகள், 0 நூறில் ஒன்றுகள், 7 ஆயிரத்தில் ஒன்றுகள் இருக்கின்றன. அப்படியே எழுதினால்,

(4 × 10) + (0 × 1) + (3 × 1/10) + (0 × 1/100) + (7 × 1/1000)

என்று வரும். பூச்சியத்தால் பெருக்கிய உறுப்புகளின் மதிப்பு பூச்சியம் என்பதால் அவற்றை விட்டுவிட்டு 40 + 3/10 + 7/1000 என்றோ, 40 + 0.3 + 0.007 என்றோ எழுதுவதும் சரியே. விரிவான வடிவில் ஒவ்வோர் உறுப்பும் தன் இடமதிப்பைத் தன்னோடு கொண்டுவருகிறது. அதனால் இடையில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவை இடம் மாறிவிடுவதில்லை. சுருங்கிய வடிவிலோ, ஓர் இலக்கம் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அதன் மதிப்பை அறிகிறோம். அங்கே பூச்சியத்தை எடுத்துவிட்டால் 7 ஓரிடம் முன்னே வந்து, எண் 40.37 ஆகிவிடும். ஆகவே விரித்தெழுதும்போது பூச்சியம் உங்கள் விருப்பம். சேர்த்தெழுதும்போது அது கட்டாயம். புதிதாகக் கற்பவர்கள் சில நாள்களுக்குப் பூச்சிய உறுப்புகளையும் எழுதிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

ஏனென்றால் பிழைகள் பெரும்பாலும் திரும்பி வரும் வழியில்தான் நேர்கின்றன. 6 + 3/100 + 8/1000 என்பதைத் தசம எண்ணாக எழுதச் சொன்னால் 6.38 என்று எழுதிவிடுகிறார்கள். பத்தில் ஒன்றுக்கு உரிய உறுப்பு இங்கே இல்லை என்பதைக் கவனித்து, அந்த இடத்தில் பூச்சியத்தை நிரப்பினால்தான் 6.038 என்ற சரியான விடை கிடைக்கும். இன்னொன்றையும் பாருங்கள்: 4 + 15/10 என்று கொடுத்தால் விடை 4.15 அல்ல. ஓர் இடத்தில் ஓர் இலக்கம்தான் நிற்க முடியும். 15 பத்தில் ஒன்றுகளில் பத்தைச் சேர்த்து ஒரு முழு ஒன்றாக்கி இடப்பக்கம் அனுப்பினால் 5 பத்தில் ஒன்றுகள் மீதமிருக்கும், விடை 5.5.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்லலாம். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் பிறந்த கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1585-இல் தசமங்களைப் பற்றி வெளியிட்ட சிறு நூலில் தசமப் புள்ளி கிடையாது. முழு எண் பகுதி முடியும் இடத்தில் வட்டத்துக்குள் 0, பத்தில் ஒன்றுக்கு வட்டத்துக்குள் 1, நூறில் ஒன்றுக்கு 2 என்று அவர் ஒவ்வோர் இலக்கத்துக்கும் அடையாளம் இட்டார். அதாவது ஒன்றாம் இடத்தையே அவர் எண்ணிக்கையின் தொடக்கமாகக் கொண்டார். மேல்வகுப்பில் அடுக்குகளைக் கொண்டு 4 × 10¹ + 3 × 10⁻¹ + 7 × 10⁻³ என்று நாம் எழுதும்போதும் இதுவே நடக்கிறது: ஒன்றாம் இடத்தின் அடுக்கு 0, அதிலிருந்து வலப்பக்கம் எத்தனை இடம் தள்ளி நிற்கிறதோ அதுவே குறை எண் அடுக்கு.

3.25, 3.7 ஆகிய இரண்டில் எது பெரியது என்பதில் தடுமாறுபவர்களுக்கும் விரித்தெழுதுவது உதவும். 25 என்பது 7-ஐவிடப் பெரியதாயிற்றே என்று தோன்றும். ஆனால் முதலாவதில் 2 பத்தில் ஒன்றுகள், இரண்டாவதில் 7 பத்தில் ஒன்றுகள். அங்கேயே விடை முடிந்துவிடுகிறது. 3.70 என்று எழுதினாலும் 0 × 1/100 என்ற உறுப்பு மட்டுமே கூடுவதால் மதிப்பு மாறாது. ஆனால் அது ஓர் அளவீடாக இருந்தால், நூறில் ஒன்று வரை அளந்து பார்த்தோம் என்பதை அந்தக் கடைசிப் பூச்சியம் தெரிவிக்கிறது. அப்போது அதை நீக்கக் கூடாது.