பழகியது வேறு, பாழானது வேறு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஓவியருக்குக் கைகொடுப்பது புதிய பிரஷ்ஷா, பழகிய பிரஷ்ஷா?’ என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், ‘நுனி தேய்ந்த பிரஷ் துடைப்பத்துக்குச் சமம்’ என்றார், கைதட்டலும் வாங்கினார். சரி, அந்தத் துடைப்பத்தை வைத்தே ஒரு மரம் வரைவோம்.

முடி விரிந்துபோன 8ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ். வாட்டர்கலரில் பச்சையைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்துத் தொட்டு, துணியில் ஒருமுறை ஒற்றுங்கள். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து, சொரசொரப்பான தாளில் மெல்லத் தட்டுங்கள். கற்றை கற்றையாகப் பிரிந்த முடி ஒவ்வொன்றும் தனித்தனியே பதியும். நடுவே வெள்ளை இடைவெளி நிற்கும். அதுதான் இலைக்கூட்டம். நல்ல புது பிரஷ்ஷில் இது வராது. நனைந்ததும் முடியெல்லாம் ஒரே கூராகச் சேர்ந்துகொள்ளும். ஒரு தட்டுக்கு ஒரு பொட்டுதான். நாலு தட்டு தட்டினால் அந்தக் கூரும் போய்விடும், காசும் போய்விடும்!

தாளில் வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் வண்ணம் படாமல் மூடும் மாஸ்கிங் திரவம் பூச எதிரணியினர் எதை எடுப்பார்கள்? அது ரப்பர் பால், ஐயா. முடிக்குள் காய்ந்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அங்கே பழையதைச் சோப்பு நீரில் நனைத்துவிட்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஆயில் பெயின்டிங்கில் ஃபிளாட் பிரஷ் தேயத் தேய மூலைகள் உருண்டுவிடும். அந்த உருண்ட வடிவத்தைத்தான் கடையில் ‘ஃபில்பர்ட்’ என்று புதுசாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

கண்ணிமை வரைய கூர்நுனி வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். சேபிள் என்னும் விலங்குமுடி பிரஷ்ஷின் கூர் அந்த முடியின் இயற்கையான நுனியில் இருக்கிறது. தேய்ந்தபின் கத்தரித்தாலும் திரும்பாது.

ஆனால் எதிரணி காட்டிய பிரஷ் எது? முடியைக் கவ்வும் உலோகக் குழாய்க்குள் ஆக்ரிலிக் வண்ணம் ஏறிக் கல்லாகி, வேரிலேயே முடியைப் பிளந்து வைத்திருக்கிறது. குழாய்வரை முக்கியதால் வந்த வினை. அது பழகியதல்ல, பாழானது. முடியில் முக்கால் பாகத்துக்கு மேல் வண்ணம் ஏறக்கூடாது. கழுவுவது பச்சைத் தண்ணீரில். வெந்நீர் பட்டால் உள்ளே முடியைப் பிடித்திருக்கும் பசை தளரும். சோப்பு போட்டு, உள்ளங்கையில் நிறம் வருவது நிற்கும்வரை தேய்த்து, விரலால் நுனி கூட்டி, படுக்கவைத்துக் காயவிட வேண்டும்.

அதோ, அவர்கள் மேசைக் குவளையைப் பாருங்கள், நடுவர் அவர்களே. மூன்று புது பிரஷ்கள் தண்ணீரில் தலைகீழாக நிற்கின்றன. நுனி வளையும், பிடியின் மரம் ஊறும், காய்ந்ததும் குழாய் ஆடும். மணி அடிப்பதற்குள் யாராவது வெளியே எடுத்துவிடுங்களேன்!