ஆன்சைட் கேட்ட பெண்ணிடம் மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

[காட்சி: சின்ன மீட்டிங் அறை. மேசையில் இரண்டு காபி கப், ஒரு லேப்டாப்.]

என் தோழி ஒருத்தி சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். ஒன்பது வருட அனுபவம். சிங்கப்பூர் கிளையண்ட் ஒருவரின் வேலையை ஒன்றரை வருடமாக அவள்தான் தூக்கிச் சுமந்தாள். அங்கேயே போய் இருந்து வேலை பார்க்க, அதாவது ஆன்சைட்டுக்கு, ஆள் வேண்டும் என்று பேச்சு வந்ததும் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். முதல் கேள்வியே, "வீட்ல பேசிட்டீங்களாம்மா? குழந்தையை யாரு பார்த்துப்பா?"

பக்கத்து சீட் பையனுக்கும் குழந்தை இருக்கிறது, இவள் குழந்தையைவிட ஆறு மாதம் சின்னது. அவனிடம் கேட்டது, "பாஸ்போர்ட் வேலிடிட்டி எவ்ளோ நாள் இருக்கு?"

கடைசியில் அவன்தான் போனான். இவளுக்குக் கிடைத்த பதில், "உங்க நல்லதுக்குத்தான் யோசிச்சோம்." இந்த "உங்க நல்லதுக்கு" என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

[காட்சி: பழைய உலக வரைபடம், டோக்கியோ மேல் ஒரு புள்ளி.]

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு என்ன பிரச்சினை என்றால் நாம் உடனே அந்த ஊரைத்தான் நினைக்கிறோம். அந்த ஊர் ஆண்கள் எப்படி, ராத்திரி தனியாக நடக்க முடியுமா, இப்படி. அதெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. சவூதியில் 2018 ஜூன் வரைக்கும் எந்தப் பெண்ணும் கார் ஓட்ட முடியாது. நம் ஊரிலிருந்து போன டாக்டராக இருந்தாலும் நர்ஸாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு டிரைவருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் பல பெண்கள் அந்த ஊர்வரைக்கும் போய்ச் சேருவதே இல்லையே, அதை யார் கணக்கில் எடுப்பது?

கனடாவில், மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் நான்சி ஆட்லர் 1980-களில் இதைத்தான் தோண்டிப் பார்த்தார். அப்போது கம்பெனிகள் சொன்ன காரணம், "ஆசியாவில் பெண் மேனேஜரை யாரும் மதிக்க மாட்டார்கள், அதனால் அனுப்புவதில்லை." சரி, போனவர்களையே கேட்போம் என்று ஆசிய நாடுகளில் வேலை பார்த்த வட அமெரிக்கப் பெண் மேனேஜர்கள் 52 பேரிடம் பேசினார். 97 சதவீதம் பேர் போன வேலை நன்றாகவே முடிந்தது என்றார்கள். எப்படி? ஜப்பானில் வெளிநாட்டுக்காரரை 'கைஜின்' என்பார்கள். இந்தப் பெண்கள் அங்கே முதலில் கைஜின், அப்புறம்தான் பெண். உள்ளூர்ப் பெண்ணுக்குப் போட்டிருக்கிற கோடு இவர்களுக்குப் பொருந்தவில்லை. போதாக்குறைக்கு, வரிசையாகப் பத்து ஆண்களைப் பார்த்த வாடிக்கையாளருக்கு நடுவில் வந்த ஒரே பெண்ணின் முகம்தான் நினைவில் நின்றது. அவர்களில் பலர் சொன்ன பெரிய தடை, தங்கள் கம்பெனியைச் சம்மதிக்க வைப்பதுதான்.

எனக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு. அந்த 52 பேரும் மேனேஜர்கள், கையில் நல்ல பாஸ்போர்ட், பின்னால் பெரிய கம்பெனி. குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கப் போகிற பெண்ணுக்கு 'வெளிநாட்டுக்காரி' என்பது கேடயமா என்ன? அவளுக்கு அதுவே இன்னொரு பாரம்.

[காட்சி: சாங்கி விமான நிலையம், குடிவரவு வரிசை.]

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். என் தோழி, நல்ல சம்பள வேலைக்குத் தரும் எம்ப்ளாய்மென்ட் பாஸில் போயிருந்தால், மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால் கணவரையும் குழந்தையையும், குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸில் கூட்டிப் போகலாம். ஆனால் 2021 மே முதல், டிபென்டன்ட் பாஸில் வந்தவர் வேலை பார்க்கப் பொதுவாகத் தனக்கென்று ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். சட்டத்தில் ஆண், பெண் என்று எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் நம் வீட்டு ஹாலில்தான். இன்ஜினியரிங் முடித்த மனைவி டிபென்டன்டாகப் போய் வீட்டில் உட்கார்ந்தால் "செட்டில் ஆயிட்டா" என்பார்கள். கணவர் அதே பாஸில் போனால் மாமா, சித்தப்பா எல்லாரும் கூடி உட்கார்ந்து பேச வேண்டிய விஷயமாகிவிடும்.

அதே சிங்கப்பூர், அதே விமானம், பின் வரிசையில் வீட்டு வேலைக்குப் போகும் இன்னொரு பெண். அவளுக்குக் குறைந்த சம்பள வேலைக்கான ஒர்க் பெர்மிட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தால் பொதுவாகப் பெர்மிட் போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். முன் வரிசையில் இருக்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரிக்கு இப்படி ஒரு விதி கிடையாது. இருவருக்கும் உடம்பு ஒன்றுதான், அட்டைதான் வேறு.

[காட்சி: பாஸ்போர்ட் பக்கம், நெருக்கத்தில்.]

இப்போது அந்த "உங்க நல்லதுக்கு" திரும்ப வருகிறது, இந்த முறை நம் இந்திய அரசாங்கத்தின் வாயிலிருந்து. பத்தாம் வகுப்பு முடிக்காத பெண்ணின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். (Emigration Check Required) வகை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் அரசு சரிபார்க்க வேண்டிய பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவள் வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும்; வயது 30 ஆகவில்லை என்றால் அந்த அனுமதி கிடைக்காது. ஆணுக்கு இந்த 30 கிடையாது.

இலங்கையில் 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்றார்கள். தகப்பனிடம் யாரும் அப்படி ஒரு அறிக்கை கேட்கவில்லை. 2022-இல் நாட்டில் டாலர் தட்டுப்பாடு கழுத்தை நெரித்தபோதுதான் விதிகள் தளர்ந்தன.

கொடுமை நடக்கிறது, அதைத் தடுக்கத்தான் இந்த விதிகள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 26 வயதுப் பெண்ணுக்குக் கடன் நெருக்கினால் அவள் 30 வரை காத்திருப்பாளா? ஏஜென்ட் ஒரு விசிட் விசாவை நீட்டுவான். "ஏர்போர்ட்ல கேட்டா அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லும்மா" என்று சொல்லிக்கொடுப்பான். அவளும் அப்படியே சொல்லிவிட்டு ஏறிவிடுவாள். அனுமதி வாங்கிப் போயிருந்தால் முதலாளி பெயர், முகவரி, சம்பளம் எல்லாம் பதிவில் இருக்கும். இப்போது அங்கே சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று அவள் தூதரகத்துக்குப் போன் போட்டால், அவர்களிடம் இருக்கிற வேலைக்காரர் பட்டியலில் அவள் பெயரே இருக்காது.