இலவச சிகிச்சை 8 லட்சம், வரி விலக்கு 11 லட்சம்: அமெரிக்க மருத்துவமனைக் கணக்கு

(திரையில்: அமெரிக்க வரைபடம்)

அமெரிக்க மருத்துவமனைகளில் ஏறக்குறைய பாதி, லாப நோக்கமற்றவை. அவற்றுக்கு மத்திய வருமான வரி கிடையாது. பெரும்பாலான இடங்களில் சொத்து வரியும் கிடையாது. சரி, பதிலுக்கு ஊருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு வழக்கில் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள்.

(திரையில்: இல்லினாய் மாநிலம், அர்பானா நகரம்)

ப்ரொவேனா கவனென்ட் மெடிக்கல் சென்டர். ஒரு கத்தோலிக்க அமைப்பு நடத்தியது. 2002-ஆம் ஆண்டுக்குச் சொத்து வரி விலக்கு கேட்டது. மாநில வருவாய்த் துறை மறுத்தது. 2010 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

(திரையில்: 17,58,940 / 8,31,724 / 11,00,000)

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏழைகளுக்கு அந்த வருடம் தள்ளுபடி செய்த பில் தொகை 17,58,940 டாலர். ஆனால் அது பில்லில் போட்ட விலை. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவு 8,31,724 டாலர்தான். மருத்துவமனையின் வருமானத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. கேட்ட வரி விலக்கோ 11 லட்சம் டாலர்! உள்நோயாளி, வெளிநோயாளி எல்லாம் சேர்த்து சுமார் 1,10,000 அனுமதிகளில் 302 பேருக்குத்தான் சலுகை கிடைத்தது. மற்றவர்கள் கட்டாத பாக்கி, வசூல் ஏஜென்சி கைக்குப் போனது.

அங்கே பள்ளிக்கூடங்கள் பெருமளவு சொத்து வரியில்தான் நடக்கின்றன. மருத்துவமனை கட்டாத பங்கு, அந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் தலையில்தான் விழும்.

ஏன் இப்படி ஆனது? 1956-இல் இருந்த மத்திய வரி விதி, மருத்துவமனை தன் நிதி வசதிக்கேற்ற அளவு இலவச சிகிச்சை தரவேண்டும் என்றது. 1969-இல் அதைத் தளர்த்தி, சமூகத்துக்குப் பயன் தந்தால் போதும் என்றார்கள். எவ்வளவு பயன் என்று சொல்லவில்லை. 2010-இல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், ஏழை நோயாளிகளுக்கான உதவிக் கொள்கையை எழுதி வைக்கச் சொன்னது. அப்போதும் குறைந்தபட்சத் தொகை எதுவும் வைக்கவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறோமே என்று மருத்துவமனைகள் சொல்லலாம். 1986 சட்டப்படி, லாபத்துக்காக நடத்தும் மருத்துவமனைகளும் அவசரத்துக்கு வருபவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அதற்குத் தனியாகச் சலுகை எதற்கு?

வரி விலக்கை ஒரேயடியாக எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நஷ்டத்தில் ஓடும் கிராமப்புற மருத்துவமனையை மூடவைத்து யாருக்கு லாபம்? ஆனால் விலக்குக்கு ஒரு கணக்கு வேண்டும்.

(திரையில்: இல்லினாய், 2012)

இல்லினாய் அதைத்தான் செய்தது. வசதியற்றவர்களுக்காகச் செய்யும் சேவையின் மதிப்பு, கட்டவேண்டியிருந்த சொத்து வரிக்குக் குறையாமல் இருந்தால்தான் விலக்கு. இந்த முறையில் சின்ன மருத்துவமனைக்குப் பயமில்லை. அதன் நிலமும் கட்டடமும் சிறிது, வரியும் சிறிது, ஈடுகட்ட வேண்டியதும் அந்த அளவுக்குத்தான். கோடிகளில் விலக்கு வாங்கும் பெரிய மருத்துவமனைகள்தான் கோடிகளில் சேவையைக் காட்ட வேண்டியிருக்கும். மத்திய வரிச் சட்டத்திலும் இதே கணக்கு வரவேண்டும்.